ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம்

பல்லடம்,
ஞாயிறு

மாப்ளே,

சௌக்கியம். இந்தச் சுத்து பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் தண்ணி காட்டுக்கு வந்துருச்சு. ஆனா எழுத வந்தது கிணத்து மோட்டார் பத்தி.

போன வாரம் மோட்டார் ஒரு மாதிரி கத்துச்சு. வந்த மெக்கானிக் பையன் நீள ஸ்க்ரூ டிரைவரோட முனையைப் பேரிங் மூடி மேல ஊனி, கைப்பிடியைக் காதோரத்து எலும்புல அழுத்திக் கண்ணை மூடிக்கிட்டான். "பின் பேரிங் போச்சுங்ணா." நானும் வாங்கி என் இடது காதோரம் வெச்சேன். பள்ளிக்கூடத்துல அந்தப் பக்கம் உக்காந்து நீ பேசினா எனக்கு ஒண்ணும் விளங்காதே, அதே சீழ் வடிஞ்ச காதுதான். மண்டைக்குள்ளயே கரகரன்னு சுத்துதடா! நல்ல காதுல வெச்சதைவிட ஜோரா.

மறுநாளே கோயமுத்தூர் போனேன். டாக்டர் எடுத்தது நம்ம பிசிக்ஸ் லேப்ல தட்டி ரீங்காரம் கேப்போமே, அந்த இசைக்கவையேதான், 512 ஹெர்ட்ஸ். காதுக்கு முன்னாடி புடிச்சா சன்னமா, காதுக்குப் பின்னாடி எலும்புல ஊனினா ரீங்காரம். ரின்னேன்னு ஒரு ஜெர்மன்காரர் 1855-லயே எழுதி வெச்ச சோதனையாம். நத்தைக்கூடு மாதிரி இருக்கிற உள்காது மண்டையெலும்புக்குள்ள பதிஞ்சு கிடக்கு. எலும்பு அதிர்ந்தா அதுல இருக்கிற நீரும் அதிருது. எனக்குப் பழுது செவிப்பறையில, உள்ள இல்லை.

சத்தம் உள்ள போக குருத்தெலும்பு வழியும் ஒண்ணு உண்டாம். ஜப்பான்ல ஹோசோய்னு ஒரு டாக்டர் 2004-ல கண்டது. காது மடல் குருத்தெலும்பை லேசா அதிர வெச்சா, காதுக் குழாய்ச் சுவரே ஸ்பீக்கர் மாதிரி உள்ள சத்தம் எழுப்புமாம். ஓட்டை இல்லாத காதோட பொறந்த குழந்தைகளுக்குக்கூட அதுல மெஷின் வந்திருக்கு. காதை விரலால அடைச்சுக்கிட்டு முறுக்கைக் கடிச்சுப் பாரு, இதுல பாதி புரிஞ்சுரும்.

உன் சங்கதி வேற, அதுக்குத்தான் இவ்வளவும். முப்பது வருசத் தறிச் சத்தம், உள்காதுல அதிர்வை வாங்கி நரம்புக்குத் தர்ற மயிர்ச் செல்களைத் தின்னிருக்கும். செத்தது திரும்ப முளைக்காது. பாவு நூலே அத்துக் கிடந்தா, ஊடை நூல் கொண்டுவர்ற நாடா எந்தப் பக்கமிருந்து வந்து என்ன? எலும்பு வழியா அனுப்பினாலும் போய்ச் சேர்ற இடம் அதேதான். மிச்சத்தைக் காப்பாத்தணும்.

புதன்கிழமை வா, காத்து வழி, எலும்பு வழி ரெண்டையும் அளந்து பாத்துரலாம். அரிசியும்பருப்பும் இங்கதான். தறிக்குடோன்ல காதுல திணிச்சுக்கிற கழிவுப் பஞ்சையும் எடுத்துட்டு வா. அதை நம்பி ஓட்டுறேன்னு டாக்டர்கிட்ட நீயே சொல்லு.

உன்
இடது காதன்