லுசைலில் எங்கள் காதைக் காப்பாற்றிய அண்ணனுக்கு

கத்தார் லுசைல் மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் முதல் வளைவு அருகே பின்வரிசையில் இருந்த அண்ணனுக்கு நன்றி. ஃபோம் காதடைப்பானைச் சும்மா செருகினால் நழுவிவிடும்; குச்சிபோல மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதை மேலாகப் பின்னுக்கு இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை 30 நொடி விரலால் அழுத்திப் பிடிக்கணும் என்று காட்டினீர்கள். 1,068 மீட்டர் நேர்தடத்தில் வண்டிகள் மொத்தமாகப் பாய்ந்து வந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் சுற்று நேரம் மந்தமாக இருப்பது ஏன் என்றும் சொன்னீர்கள்: காற்று தடத்தில் கொண்டுவந்து கொட்டிய மணல். வண்டிகள் ஓட ஓட டயர் ரப்பர் படியும் கோட்டில் மட்டும்தான் பிடிமானம். அதைவிட்டு விலகினால் வழுக்கல். ராத்திரி ஈரம் இறங்கினால் அதுவும் போச்சு.

பெயர் கேட்கவில்லை. நீங்கள் கொடுத்த உபரி ஜோடி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, அண்ணா.