படகில் போய்ப் பார்க்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்மார்க் மன்னர் பத்தாம் பிரெடரிக் குடும்பத்துடன் பரோயே தீவுகளுக்குச் சென்ற செய்தியைப் படித்தேன். வரவேற்புப் படங்கள் அழகுதான். ஆனால் டென்மார்க் முடியரசுக்குள் 1948 முதல் தன்னாட்சியுடன் இருக்கும் அந்த 18 தீவுகளில், கடைக்கோடியில் வாழ்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேற்குக் கோடியிலுள்ள மீச்சினேஸ் தீவில் குளிர்காலத்தில் தங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

டென்மார்க்கில் வசிக்கும் நான் ஒரு கோடையில் அங்கே போகக் கிளம்பினேன். அலை பெரிதாக இருந்ததால் படகு ரத்து. ரொட்டிப் பையை மடியில் வைத்துக் காத்திருந்த மூதாட்டி, 'சரி, நாளைக்குப் பார்ப்போம்' என்று எழுந்து போனார். அது அவருக்குப் பழகிவிட்டதே என்பதுதான் எனக்கு வருத்தம். அடுத்த முறை மன்னர் குடும்பம் அதே படகில் ஏறி, ஓர் இரவாவது சின்னத் தீவொன்றில் தங்க வேண்டும்.

ஒரு வாசகர்,
ஹெர்னிங், டென்மார்க்