மூலை பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவருக்கு நன்றி

கட்டட வேலை துளியும் தெரியாத நானும் என் கணவரும் எங்கள் வீட்டை நாங்களே கட்டிக்கொண்டிருக்கிறோம். அஸ்திவாரத்துக்கு நூல் கட்டிய அன்று, அந்த வழியாகப் போன ஒரு பெரியவர் நின்று பார்த்தார். "மூலை சரியா இருக்கான்னு பார்த்துடலாமா?" என்று கேட்டுவிட்டு டேப்பை வாங்கினார்.

மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மற்ற நூலில் 4 அடி குறித்தார். இரண்டு குறிக்கும் குறுக்கே சரியாக 5 அடி வர வேண்டுமாம்; அப்போதுதான் மூலை செங்கோணமாக இருக்குமாம். வரும்வரை முளையை இம்மி இம்மியாக நகர்த்தினார். "இடம் பெருசுன்னா 6, 8, 10 வெச்சுக்கோங்க, இன்னும் துல்லியமா வரும்." அப்புறம் டேப்பை என் கையில் கொடுத்து, மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் பார்க்கச் சொன்னார். இரண்டும் ஒன்றாக வந்ததும் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்! வந்து போகிறவர்கள் எல்லாம் என் கணவரிடம் மட்டுமே பேசுவார்கள். இவர் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

கிளம்பும்போது கான்கிரீட்டுக்கும் ஒரு வார்த்தை: "கலவை இறுகுதேன்னு தண்ணிய ஊத்திடாதீங்க, பலம் போயிடும். போட்டப்புறம் 7 நாளாவது ஈரம் காயக் கூடாது."

ஐயா, சுவர் இப்போது கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு அறைக்கும் குறுக்களவு நாங்களே பிடிக்கிறோம். நீங்களோ உங்களைத் தெரிந்தவர்களோ இதைப் படித்தால், அவசியம் ஒரு நடை வந்து பார்க்க வேண்டும். ரொம்ப நன்றி ஐயா.