சாலைத் தடுப்புக்கும் ஒரு ஜிபிஎஸ் பொருத்துங்கள்

மதுரை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவராக இருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், குழுவில் உள்ள நெடுஞ்சாலை, காவல், போக்குவரத்து, மாநகராட்சி அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மாட்டுத்தாவணிப் பக்கம் வாகனங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்திக் கொடுப்பது என் தொழில். எஃப்சிக்கு, அதாவது வாகனத் தகுதிச் சான்றுக்குப் போகும் முன் வேன், டாக்ஸி, பஸ் என்று வந்து நிற்பார்கள். வாகன ஜிபிஎஸ்ஸுக்கென்று வகுத்த ஏஐஎஸ் 140 தரத்துக் கருவி, ஆபத்து நேரத்தில் அழுத்தும் சிவப்புப் பொத்தான், வயரிங், சான்றிதழ் என்று என் நாள் அதிலேயே போய்விடும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் என் மச்சான் விடியற்காலை மூன்றரை மணிக்கு எக்ஸ்எல்லில் மல்லிகைப் பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தார். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு சாலை. முந்தின நாள் காலையில் அதே வழியாகத்தான் வந்திருக்கிறார், அப்போது அங்கே ஒன்றும் இல்லை. பகலில் சின்னப் பாலம் கட்டுவதற்காகச் சாலையைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்துக்கு முன்னால் ஒரு மண் குவியல், ஒரு தார் டிரம், அதன்மேல் கருவேல முள். விளக்கு கிடையாது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, வண்டியோடு பள்ளத்துக்குள் போய்விட்டார். கழுத்துப்பட்டை எலும்பு உடைந்தது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க இன்றைக்கும் முடியவில்லை.

அவரைத் தூக்கிவிட்டது அங்கே காவலுக்குப் படுத்திருந்த ஒரு ஒடிசாப் பையன். அவன் படுத்திருந்த இடத்துக்கும் வண்டி விழுந்த இடத்துக்கும் நாலடிதான். வந்தது எக்ஸ்எல்லாக இல்லாமல் ஒரு லாரியாக இருந்திருந்தால் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. சாலை வேலை நடக்கும் இடத்தில் வண்டியில் வருகிறவர் உயிரும் வேலை செய்கிறவர் உயிரும் ஒரே கயிற்றில்தான் தொங்குகின்றன.

2019 ஜனவரியில் இருந்து பதிவாகும், வாடகைக்கு ஓடும் புதிய பயணிகள் வாகனங்களுக்கு இந்தக் கருவி கட்டாயம். ஆட்டோ, இருசக்கர வாகனம் போன்றவற்றுக்கு விலக்கு. ஓடும்போது சில நொடிக்கு ஒரு முறை தான் இருக்கும் இடத்தை வண்டி சொல்லிக்கொண்டே போகிறது. அன்றிரவு அந்தச் சாலையில் போன வேன்களில் நான் கருவி மாட்டியதும் இருந்திருக்கும். ஓடுகிற வண்டி எங்கே இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியும். ஆனால் அன்று புதிதாக வெட்டிய பள்ளம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. என் கோரிக்கை இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பள்ளத்தைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை நொடி ஆகும் என்று நம் சாலைப் பொறியாளர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் 55 மீட்டர் போய்விடும். முழுதாக நிற்க 120 மீட்டர் வேண்டும். முன்விளக்கைத் தாழ்த்திய லோ பீம் வெளிச்சத்தில் அவ்வளவு தூரம் தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குச் செய்தி போக வேண்டும்.

ஜெர்மனியில் இது நடைமுறையில் இருக்கிறது. அங்கே நெடுஞ்சாலை வேலைக்கு முன்னால் பெரிய அம்புக்குறி விளக்கோடு ஒரு டிரெய்லரை நிறுத்துவார்கள். அந்த டிரெய்லரே ரேடியோவில் அறிவிப்பு அனுப்புகிறது. ஃபோக்ஸ்வாகனின் எட்டாம் தலைமுறை கோல்ஃப் போன்ற கார்கள் அதைச் சுமார் 800 மீட்டருக்கு முன்பே வாங்கி ஓட்டுநருக்குக் காட்டிவிடும். நடுவில் செல்போன் டவரே தேவையில்லை. அமெரிக்காவில் வேறு வழி. எந்த இடத்தில், எந்தத் தடத்தில், எத்தனை மணி வரை வேலை என்பதை எல்லா மாநிலமும் ஒரே வடிவில் வெளியிடுவதற்காக ஒரு பொது முறையை வகுத்திருக்கிறார்கள். மேப் நிறுவனங்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் அந்தக் கார்கள் இல்லை, சரி. போன் இருக்கிறதே. 2021 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஐஐடி மெட்ராஸ், மேப் நிறுவனமான மேப்மைஇந்தியா மூன்றும் சேர்ந்து, விபத்து நடக்கும் இடங்களையும் வளைவுகளையும் குரலில் எச்சரிக்கும் செயலியைக் கொண்டுவந்தன. வளைவு என்றைக்கும் அதே இடத்தில் இருக்கும். சாலை வேலை அப்படி இல்லை, இன்று இங்கே, நாளை அரை கிலோமீட்டர் தள்ளி. வேலை செய்கிறவர்கள் சொன்னால்தான் மேப்புக்குத் தெரியும்.

அதனால்தான் கேட்கிறேன். நாங்கள் வேனில் மாட்டுவது போன்ற ஒரு கருவியை, மின்னும் அம்புக்குறிப் பலகையிலோ முதல் தடுப்பிலோ பொருத்தச் சொல்லுங்கள். விளக்கின் சுவிட்சைப் போட்டால் இடம் பதிவாக வேண்டும், அணைத்தால் நீங்க வேண்டும். ஒப்பந்ததாரர் தனியாக எதையும் டைப் செய்ய வேண்டியதில்லை. அந்த விவரம் மாவட்ட அளவில் ஒரே இடத்தில் சேர்ந்து, மேப் நிறுவனங்களுக்கும் 108 ஆம்புலன்சுக்கும் காவல் கட்டுப்பாட்டு அறைக்கும் போகட்டும். டெண்டரில் இதற்கு ஒரு விதி சேர்த்தால் போதும்.

நீங்குவதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து மூன்று வாரம் ஆன பிறகும் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' பலகை நிற்பதை நாம் எத்தனை இடத்தில் பார்க்கிறோம்? நாலு தடவை பொய்யாகிப் போன எச்சரிக்கையை ஐந்தாவது தடவை எந்த ஓட்டுநரும் மதிக்க மாட்டார். போனில் வரும் குரலுக்கும் அதே கதி நேரக்கூடாது.

உள்ளூர்க்காரர் இரண்டு நாளில் பள்ளத்தைப் பழகிவிடுவார். சித்திரைத் திருவிழாவுக்கு வரும் வெளியூர் வேன்கள், மார்கழிப் பனியில் தேனி ரோட்டில் குமுளிக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள், இவர்களுக்குத்தான் வழி தெரியாது. இவர்கள்தான் மேப்பைப் பார்த்து ஓட்டுகிறவர்களும்.

ஆனால் என் மச்சானிடம் அன்றைக்கு இருந்தது பட்டன் போன். எக்ஸ்எல்லுக்கு ஜிபிஎஸ்ஸும் கிடையாது. நான் கேட்கும் எதுவும் அவரைக் காப்பாற்றியிருக்காது, ஒரு மஞ்சள் மின்னும் விளக்கு காப்பாற்றியிருக்கும். எனவே கருவி வந்ததும் விளக்கை விட்டுவிட வேண்டாம். சாலை வேலைகளுக்கென்றே, சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-இல் வெளியிட்ட எஸ்பி 55 வழிகாட்டி இருக்கிறது. முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் மாறும் பகுதி, வேலைப் பகுதி, முடிவுப் பகுதி என்று நான்காகப் பிரித்து, எங்கே என்ன வைக்க வேண்டும் என்று சொல்கிறது. முதல் பகுதியையாவது நம் சாலைகளில் ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள். சாலை அமைக்கும், பராமரிக்கும் தரத்தில் தவறி உயிரோ உறுப்போ போனால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு 2019 முதல் சொல்கிறது. அது யாருக்காவது வரும்வரை நாம் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு வேலை இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். அங்குள்ள தடுப்புகளில் இரண்டு கருவிகளை என் செலவில் நானே பொருத்தித் தருகிறேன். ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம். இரவு வேலை நடக்கும் இடமாக இருந்தால் நல்லது.