எம்.சி. ரோட்டுக்கு வா, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கல்யாண ஜவுளி எடுத்தால் தி.நகரில்தான் என்று சித்தியிடம் அடம்பிடிக்கிறாயாம். எங்கள் வண்ணாரப்பேட்டையின் ஜவுளிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டுக்கு வா என்றால் போனில், "வடசென்னையில என்னக்கா இருக்கு, மீன் வாடையும் கன்டெய்னர் லாரியும்தானே" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நேரில் சொன்னால் சண்டையாகிவிடும்.

நீ போகத் துடிக்கும் தி.நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் எங்கள் பக்கத்து ஆள். நீதிக்கட்சித் தலைவர், நெசவில் ஊறியவர். அவர் பெயரிலான கல்லூரி பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. ஏரியைத் தூர்த்துத் தி.நகர் எழும்பியதே 1920-களில். அதற்கு வெகுகாலம் முன்பே, கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த பேட்டை இது. துணி எங்களுக்குப் புதிதில்லை.

இப்போது எம்.சி. ரோட்டைப் பார். கண்ணாடி முகப்புக்குள் லெஹங்கா போட்ட பொம்மைகள், ஒட்டினாற்போல் வாசல் நிறைய நைட்டி தொங்கும் சின்னக் கடை, அதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் கிளிப்பும் கம்மலும். நடுவில் ஒரு ஸ்கூட்டர் உன் காலை உரசிக்கொண்டு போகும். "வாக்கா, உள்ள வந்து பாருக்கா, எடுக்கலன்னா பரவால்ல" என்பார்கள். உள்ளே போனால் எடுக்காமல் வர முடியாது, அது வேறு கதை. முதல் சுற்றில் எதையும் வாங்காதே, விலையை மட்டும் காதில் போட்டுக்கொள். பெரிய கடைகளில் ஒரே விலை. சின்னக் கடைகளில் முதலில் சொல்வது விலையே இல்லை. நிறம் பிடித்துவிட்டால் வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் பார். கடை விளக்கில் எல்லாமே ராணிக் கலர்தான்.

உண்மையைச் சொல்கிறேன், முகூர்த்தப் பட்டுக்குக் காஞ்சிபுரம் போய்க்கொள். ரிசப்ஷன் உடுப்பு, சொந்தக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்கும் சேலைகள், மேட்சிங் பிளவுஸ், உள்பாவாடை, இதற்கெல்லாம் இந்தத் தெருவை விட்டால் நீ அலைந்துதான் சாவாய். ஃபால்ஸ் தைக்க, முந்திக்குக் குஞ்சம் கட்ட, ஆரி வேலை கொடுக்க எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே ஆள் இருக்கிறது.

கால் வலித்தால் பக்கத்து ராபின்சன் பூங்காவில் உட்காரலாம். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. இன்னும் கொஞ்சம் போனால் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. மாப்பிள்ளை போட்டோ எடுக்கும் ஆசாமி என்றாயே, அந்தத் தூண்களை விடமாட்டார்.

திரும்பும்போது பர்மா பஜார் பக்கம் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கையாலேயே பிசைந்து, வறுத்த வெங்காயம் தூவி, கூடவே வாழைத்தண்டு சூப் தருவார்கள். முகம் சுளிக்காமல் ஒரு தட்டு சாப்பிடு, இரண்டாவது தட்டை நீயே கேட்பாய்.

வேளச்சேரியிலிருந்து கிண்டி வந்து மெட்ரோ ஏறினால், மாறாமல் வண்ணாரப்பேட்டையில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் மூச்சு முட்டும். அளவு பிளவுஸை மறக்காமல் எடுத்து வா. சித்தியையும் கூட்டி வா. பேரம் பேச எனக்கு வராது.

அக்கா