முன்பக்கங்களைப் படித்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வணிகப் பக்கத்தில் ஆண்டறிக்கை படிப்பது குறித்து வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் தணிக்கையாளர் கையெழுத்து இருந்தால் புத்தகம் முழுவதையும் நம்பலாம் என்ற தொனியில் அது முடிந்திருப்பது சரியல்ல.

தணிக்கையாளர் கருத்துச் சொல்வது நிதிநிலை அறிக்கைகள் மீது மட்டுமே. தலைவரின் கடிதம், இயக்குநர் குழு அறிக்கை, நிர்வாகத்தின் ஆய்வு, வண்ண வண்ண வரைபடங்கள் என்று ஆண்டறிக்கையின் முன்பக்கங்களில் வருபவை எல்லாம் 'பிற தகவல்கள்' என்ற வகையில் சேரும். அவற்றை அவர் படிக்க வேண்டும், கணக்குகளுடனோ தணிக்கையில் தாம் அறிந்தவற்றுடனோ பெரிதாக முரண்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்கிறது தணிக்கையாளர்கள் பின்பற்ற வேண்டிய விதித்தொகுப்பான தணிக்கைத் தரம் 720. அவற்றுக்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை. 2018-19 நிதியாண்டு முதல் இதைத் தணிக்கை அறிக்கையில் தனித் தலைப்பிட்டுச் சொல்லவும் வேண்டும்.

அந்தத் தலைப்பின்கீழ் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் மார்ச் முடிந்து 60 நாட்களுக்குள் தணிக்கை செய்யப்பட்ட முடிவுகளை வெளியிட வேண்டும். ஆகவே மே மாதமே கையெழுத்து விழுந்துவிடுகிறது. ஆண்டறிக்கை அச்சாவதோ ஜூலையில், ஆகஸ்டில். அதனால் பல அறிக்கைகளில், 'ஆண்டறிக்கை இனிமேல்தான் எங்களுக்குக் கிடைக்கும். படிக்கும்போது பிழை தென்பட்டால் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களிடம் தெரிவிப்போம்' என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கிறது. ஒரு புத்தகத்தை இன்னும் பார்க்கவில்லை என்ற வாக்குமூலம் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே அச்சாகி வருகிறது! பிறகு அவர் படித்தாரா, எதையாவது திருத்தச் சொன்னாரா என்பது பங்குதாரருக்குத் தெரிய வழியில்லை.

நான் பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் தலைவர், லாப உயர்வுக்குச் சிக்கனமும் திறமையான நிர்வாகமுமே காரணம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பின்னால் பொடி எழுத்தில் இருந்த 'இதர வருமானம்' குறிப்பைப் பார்த்தால், உயர்வின் பெரும்பகுதி நிலம் விற்று வந்த பணம். கணக்கு சரி, கடிதம்தான் கதை. நம்மில் எத்தனை பேர் கடைசிப் பக்கங்கள் வரை புரட்டுகிறோம்?

பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, இயக்குநர் அறிக்கை கணக்குகளுடன் ஒத்துப்போகிறதா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையிலேயே கருத்துச் சொல்லியாக வேண்டும். இங்கே அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஆண்டறிக்கையைப் படித்து முடித்ததாகவும் முரண்பாடு உண்டா இல்லையா என்றும் தணிக்கையாளர் தரும் ஒரு பக்கக் குறிப்பை, பங்குதாரர்களின் பொதுக்கூட்ட அறிவிப்புடன் சேர்த்து அனுப்பும்படி பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கலாம். தணிக்கையாளர்களுக்கு இது கூடுதல் சுமையே அல்ல. படிப்பது ஏற்கெனவே அவர்கள் கடமை.

அதுவரை நமக்குப் பொதுக்கூட்டம் இருக்கிறது. நிறுவனம் விலக்கு அளித்தாலொழிய, தணிக்கையாளரோ அவருடைய பிரதிநிதியோ அதில் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது நிறுவனங்கள் சட்டத்தின் 146ஆம் பிரிவு. பேச வாய்ப்புக் கிடைப்பவர்கள் செயலாளருக்கு நன்றி, தலைவருக்குப் பாராட்டு என்று நேரத்தைக் கரைக்காமல் தணிக்கையாளரிடம் கேட்கலாம்: முன்பக்கங்களை எந்தத் தேதியில் படித்தீர்கள், எதை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினார்களா?

இப்படிக்கு,
ஒரு சிறு பங்குதாரர்,
கும்பகோணம்