தேவிக்கு, நிலம் வாங்கும் முன்

அன்புள்ள தேவிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தம்பிக்கு ஓசூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மற்றதெல்லாம் பழையபடிதான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். குட்டி குறுக்கே பேசுகிறது, மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறார். எல்லாவற்றையும் அப்படிப் பேசிவிட முடியாது. உன்னோடு வார்டில் வேலை பார்க்கும் வத்தலக்குண்டுப் பெண் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறாள். பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இதையும். தனியாக இருக்கும்போது படி.

போன வாரம் "லாக்கர்ல இருக்க நகையை எடுத்து வைம்மா" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். எதற்கம்மா என்று கேட்டேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நகை உன்னுடையது. என் கையெழுத்து இல்லாமல் லாக்கரைத் திறக்க முடியாது என்பதால்தான் என்னிடம் சொன்னாய், இல்லாவிட்டால் இதுவும் எனக்குத் தெரிந்திருக்காது. முதல் சம்பளத்தில் எனக்கு என்ன புடவை எடுப்பது என்பதைக்கூடப் போனில் கேட்டவள் நீ.

அதற்கப்புறம் கோவிலில் உன் கொழுந்தனாரைப் பார்த்தேன். "அத்தை, அண்ணிக்கு ஊர் மண்ணு மேல ஆசை வந்துருச்சு" என்றார். சிறுமலை அடிவாரத்தில் மாந்தோப்பாம், சென்ட் கணக்கில் பிரித்துக் கொடுக்கிறார்களாம், வேலியும் சொட்டு நீரும் அவர்களே போட்டுத் தருவார்களாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டு மனிதரைக் கோவிலில் நிறுத்திவைத்து நான் குடைந்து கேட்க முடியுமா?

ஆகவே நீ வாங்கப் போகிறாய் என்று நான் எழுதவில்லை. வாங்குவதாக இருந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். வேலை பார்த்த காலமெல்லாம் ரிஜிஸ்தர் ஆபீசில் மற்றவர்கள் சொத்துக்கு வில்லங்கம், அதாவது அதன் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம், தேடிக் கொடுத்தேன். என் மகளுக்குச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் அது என்ன நிலம் என்று பார். வெளிநாட்டில் வேலை பார்க்கிற இந்தியர், பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட்டாகவே இருந்தாலும், இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்கக் கூடாது. தோட்டம், தோப்பு, பண்ணை வீடு எதுவும் கூடாது. ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வீட்டு மனை வாங்கலாம், கட்டிய வீடு வாங்கலாம், ஃபிளாட் வாங்கலாம். மாந்தோப்பைக் கூறுபோட்டுப் 'பண்ணை மனை' என்று விற்றாலும் பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் அது புஞ்சைதான். வாரிசாக வருவதற்குத் தடையில்லை. அப்பா பெயரில் உள்ள கன்னிவாடிக் காடு நாளைக்கு உனக்கும் தம்பிக்கும்தான், நீ மஸ்கட்டிலேயே இருந்தாலும் வரும். ஊர் மண் வேண்டும் என்றால் அது இருக்கிறது தேவி.

இதைத் தெரிந்தவர்கள் யாராவது, "அதனால என்ன, இங்க இருக்கறவங்க பேர்ல வாங்கி வச்சுக்கலாம், நீங்க வந்தப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்வார்கள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் கேட்காதே. பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்றால் அதற்குப் பெயர் பினாமி. 1988-இல் வந்த சட்டத்தை 2016-இல் திருத்திக் கடுமையாக்கினார்கள். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். புருஷன் பெண்டாட்டி பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் கணக்குக் காட்டிய பணத்தில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. அண்ணன் தம்பி என்றால் பணம் போட்டவர் பெயரும் சேர்ந்து பத்திரத்தில் இருக்க வேண்டும். மாப்பிள்ளையும் மஸ்கட்டில் இருக்கிறார், விவசாய நிலத்தில் அவர் பெயரையும் சேர்க்க முடியாது. ஆக அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

சிறையும் அபராதமும் கூட இருக்கட்டும். நாளைக்கு மனஸ்தாபம் வந்தால், "பணம் கொடுத்தது நான், நிலம் என்னுடையது" என்று நீ வழக்குப் போட முடியாது. அதையும் அதே சட்டம் தடுக்கிறது. நீ ராத்திரி டியூட்டி பார்த்துச் சேர்த்த பணத்துக்கு ஒரு காகிதம்கூட உன் பக்கம் பேசாது.

ஆபீசில் ஒருவர் வந்திருந்தார். சவுதியில் டிரைவராக இருந்தவர். பிளாஸ்டிக் பை நிறைய டிராஃப்ட் அனுப்பிய ரசீதுகள், மஞ்சள் பிடித்து, மடிப்பில் கிழிந்து, வருடவாரியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். அவர் பெயரில் வில்லங்கம் போடச் சொன்னார். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலம், பெரிய பெரிய இன்டெக்ஸ் புத்தகத்தைப் புரட்டித்தான் தேட வேண்டும். பெயர் இன்டெக்சில் தேடினேன், இல்லை. சர்வே நம்பரை வைத்துத் தேடினேன். மச்சினர் பெயரில் கிரயம், அவரிடமிருந்து வேறொருவருக்குக் கிரயம், அதன் மேல் ஒரு அடமானம். வாசித்துச் சொன்னேன். "வேற புக்குல பாருங்கம்மா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வேறு புத்தகம் ஏது?

பத்திரம் உன் பெயரில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை பெயரும் சேர்ந்து இருக்கட்டும், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உன் பெயர் இருக்க வேண்டும். வேடசந்தூர் அத்தையை நினைத்துக்கொள், அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

சரி, வீட்டு மனைதான் பார்க்கிறீர்கள் என்றால் அதற்கும் சொல்கிறேன். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்றால் அந்தப் பக்கமே போகாதே. லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கப் பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. நம் பக்கத்தில் டிடிசிபி, சென்னைப் பக்கம் சிஎம்டிஏ, இந்த அரசுத் திட்டமிடல் அலுவலகங்கள்தான் கொடுக்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் ஹைகோர்ட் உத்தரவு போட்டபோது கவுன்டரில் எத்தனை பேர் அழுதார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். 500 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டு விற்கிற லேஅவுட்டுக்கு, ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்துகிற ரெரா அமைப்பில் பதிவும் வேண்டும். நோட்டீசில் அச்சடித்த நம்பரை நம்பாமல் ரெரா இணையதளத்தில் நீயே போட்டுப் பார். பதிவு செய்த திட்டத்தில் ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நீ யாருக்காவது அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதற்கு ரசீது இருக்கிறதா?

வில்லங்கச் சான்று எடுக்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. இப்போது மஸ்கட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். குறைந்தது முப்பது வருடத்துக்குப் பார். ஆனால் வில்லங்கம் சுத்தமாக வந்தால் எல்லாம் சுத்தம் என்று நினைக்காதே. பதிவானதுதான் அதில் வரும். பதியாத உயில் வராது, வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்தது வராது, அசல் பத்திரத்தை வட்டிக்காரரிடம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அதுவும் வராது. அதனால்தான் தாய்ப் பத்திரத்திலிருந்து, அதாவது முந்தைய உரிமையாளர்களின் பழைய பத்திரத்திலிருந்து, எல்லாவற்றுக்கும் அசல் கேட்க வேண்டும். ஜெராக்ஸ் காட்டி, அசல் ஊரில் பெரியவரிடம் இருக்கிறது என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். விற்கிறவருக்கு அக்கா தங்கைகள் உண்டா என்றும் கேள். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. கல்யாணமாகிப் போன தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காமலிருந்தால் பத்து வருடம் கழித்து அவள் பிள்ளை வழக்கோடு வருவான்.

பட்டா, கிராமத்து நில விவரமெல்லாம் உள்ள அ-பதிவேடு, நிலத்தின் அளவுப் படமான புலப்படம் மூன்றையும் சேர்த்துப் பார். பத்திரத்தில் ஒரு அளவு, புலப்படத்தில் ஒரு அளவு இருந்தால் சர்வேயரை வைத்து அளக்காமல் நகராதே. அ-பதிவேட்டில் புறம்போக்கு, ஓடை, கோவில் நிலம், பஞ்சமி என்று ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பஞ்சமி நிலம் பட்டியல் சாதி மக்களுக்கென்று கொடுத்தது. அதை வாங்குவது சட்டப்படியும் தப்பு, மனசாட்சிப்படியும் தப்பு. பாதையையும் கவனி. நேரில் போனால் வண்டி போகும், படத்தில் பாதை இருக்காது. அடுத்த காட்டுக்காரர் முள்ளை வெட்டிப் போட்டால் உன் மனைக்கு நீயே போக முடியாது.

செலவையும் போட்டுக்கொள். முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பன்னிரண்டு லட்சம் மனைக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம் அங்கேயே போய்விடும். இதை மிச்சம் பிடிக்கிறேன் என்று, பத்திரத்தில் அரசாங்கம் வைத்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. வெளிநாட்டுச் சம்பளம் போடுகிற உன் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து விற்கிறவர் கணக்குக்கு நேராகப் பணம் போகட்டும், நடுவில் யார் கணக்கும் வேண்டாம். அந்தப் பாஸ்புக் வரிதான் நாளைக்கு உனக்குச் சாட்சி.

நேரில் வர முடியாது, பவர் கொடுக்க வேண்டும் என்றால் மஸ்கட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். பொதுப் பவராகக் கொடுக்காதே. இந்தச் சர்வே நம்பர், இந்த மனை, உன் பெயரில் கிரயம் வாங்கிப் பதிந்து பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள மட்டும் என்று எழுது. விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் என்று ஒரு வரி சேர்ந்தே டைப்பாகி வரும், எப்போதும் வரும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. யாருக்குக் கொடுப்பது என்பது உன் இஷ்டம். அப்பா திண்டுக்கல் வரைக்கும் பஸ்ஸில் போய் வருகிற அளவுக்கு நன்றாகத்தான் இருக்கிறார்.

நகைக்கு வருகிறேன். நகையை அடகு வைத்து மனை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மனை வாடகை தராது. அவசரத்துக்கு விற்கப் போனால் மாதக்கணக்கில் ஆள் வராது, வருகிறவனும் உன் அவசரம் தெரிந்து விலையைக் குறைப்பான். நகைக் கடனுக்கோ மாதா மாதம் வட்டி ஏறும். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் மிஞ்சியதில் வாங்கு. இந்த வருடம் மிஞ்சாவிட்டால் அடுத்த வருடம் வாங்கு. இந்த வாரத்துக்குள் முடித்தால்தான் இந்த விலை என்று எவன் சொன்னாலும் அவனுக்குத்தான் அவசரம்.

படிப்புக் கடனை அடைத்தாய், தம்பிக்கு ஃபீஸ் கட்டினாய், நம் வீட்டுக்கு மாடி எடுத்துக் கொடுத்தாய். எதற்கும் நீ கணக்குச் சொன்னதில்லை. ஆபீசில் என்னோடு இருந்தவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறேன். அப்படிப்பட்டவள் உனக்கென்று முதன்முதலாக ஒன்று வாங்கும்போது அதை நான் கோவிலில் வேறொருவர் வாயால் கேட்கும்படி வைத்தாயே என்றுதான் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரைத் தப்பாக நினைக்கிறேன் என்று எண்ணாதே. உன் கொழுந்தனார் நல்லவராகவே இருக்கட்டும். நல்லவருக்கும் கடன் வரும், நாளைக்கு அவருக்கும் குடும்பம் வரும், அவருக்கே ஏதாவது ஆனால் அந்த நிலம் அவர் வாரிசுகளுக்குத்தான் போகும், உனக்கு வராது. யார் பெயரில் பத்திரமோ அவருக்குத்தான் நிலம்.

லாக்கருக்கு நான் இன்னும் போகவில்லை. எதற்கு என்று நீயே உன் வாயால் சொன்னால் அன்றைக்கே போய் எடுக்கிறேன். என் கேள்வி அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை டியூட்டி இல்லாவிட்டால் கூப்பிடு. ஸ்பீக்கர் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அந்த இடத்தின் கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு நம்பர் மூன்றையும் வாட்ஸப்பில் அனுப்பு, வேறெதுவும் எழுத வேண்டாம். வில்லங்கமும் அ-பதிவேடும் எடுத்து நானே படித்துச் சொல்கிறேன். பருப்புப் பொடியில் இந்தத் தடவை பூண்டு போடவில்லை, மாப்பிள்ளைக்குப் பிடிக்காதே என்று.